ஹெட் வேலை பார்த்த பிறகும் கூலண்ட் குறைகிறது, ஒழுகும் இடம் தெரியவில்லை

மார்ச் 9, இரவு. கேள்வி

டீசல் வண்டி, 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போது ஹீட் ஆகி ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. ஹெட்டை லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவி (ஃபேஸிங்), புது கேஸ்கெட் போட்டு வாங்கினேன். இப்போது ஹீட் ஆகவில்லை. ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் குறைந்துகொண்டே வருகிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் மறுபடி ஹெட்டை இறக்கிப் பார்க்கலாம் என்கிறார். சம்மதிக்கலாமா அண்ணா?

மார்ச் 10, காலை. பதில்

இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். ஹெட்டை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் வெளியிலிருந்தே பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒருமுறை ஹெட்டைத் தூக்கினால் புது கேஸ்கெட், பெரும்பாலும் புது ஹெட் போல்ட், இன்னொரு செட் கூலண்ட், கூலி எல்லாம் உங்கள் தலையில்தான். அதைவிட மோசம், ஒழுகல் வேறு எங்காவது இருந்து, ஹெட்டைப் பிரித்துப் பூட்டும்போது தற்செயலாக நின்றுவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாமல் போகும்.

முதலில் இதைப் பாருங்கள். இன்ஜின் வேலை முடித்துப் புதிதாக ஊற்றிய கூலண்ட் ஆரம்பத்தில் குறைவது இயல்பு. பிளாக்கிலும் ஹெட்டிலும் ஹீட்டருக்குப் போகும் குழாயிலும் காற்று மாட்டிக்கொண்டிருக்கும். வண்டி சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று வெளியேறும், அந்த இடத்தைக் கூலண்ட் நிரப்பும், கூலண்ட் டேங்கில் மட்டம் இறங்கும். ஆனால் இது நாளுக்கு நாள் குறைந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். நிற்காமல் அதே வேகத்தில் இறங்கினால் அது காற்று இல்லை, ஒழுகல்.

நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை. அந்தச் சுற்றில் வால்வு இருக்கிற வண்டிகளில் அது மூடியே கிடக்கும், காற்றும் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இந்தக் காற்றை வெளியேற்றும்போது (ஏர் எடுப்பது) ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் பட்டறையில் அப்படிச் செய்தார்களா என்று கேளுங்கள்.

மார்ச் 10, மதியம்

மட்டத்தை எப்போது பார்க்கிறீர்கள் என்று சொல்லவில்லை. காலையில், வண்டியை எடுக்கும் முன், அதே சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட், அறைவெப்பத்திலிருந்து 90 டிகிரிக்குப் போகும்போது சுமார் 4 சதவீதம் விரியும். 5 லிட்டர் பிடிக்கும் இன்ஜினில் அது 200 மில்லி. மாலை வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குறைந்துவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. குறைந்தது உண்மைதானா என்பதே முதல் கேள்வி. டேங்கில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஊற்றும்போது அளந்து ஊற்றி, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 10, மாலை

சொல்ல விட்டுப்போனது: சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் டேங்க் மூடியையோ திறக்கவே வேண்டாம். துணி போட்டும் வேண்டாம். உள்ளே கொதிக்காமல் அடங்கி நிற்பது மூடி திறந்து அழுத்தம் போன நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும்.

மார்ச் 12

இவ்வளவு அக்கறையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் வண்டியும் இப்போது இதே நிலையில்தான் நிற்கிறது. சேலத்தில் இருக்கிறேன். நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். ஆத்தூர் ரோட்டில் ஃபேன் வேலை செய்யாமல் ஹீட் ஆகி, ஹெட் கேஸ்கெட் மாற்றும்படி ஆனது. அதன் பிறகு கூலண்ட் குறைவதை வேலை நடந்த பட்டறையில் சொன்னபோது, "புதுசா வேலை பார்த்த வண்டி கொஞ்ச நாளைக்குக் குடிக்கத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். மேலே எழுதியபடி ஆரம்பத்துக்கு அது உண்மைதான். ஆனால் என் வண்டியில் குறைவது நிற்கவில்லை. ஒரே வேகத்தில் இறங்குகிறது.

இதுவரை நானே பார்த்தவை. ஆயில் மூடியின் உள்பக்கம், டிப் ஸ்டிக் இரண்டிலும் வெளிறிய குழம்பு (கூலண்ட் ஆயிலில் கலந்தால் வருவது) ஏதும் இல்லை, ஆயில் மட்டமும் ஏறவில்லை. முன்பக்க மிதியடிக்குக் கீழே கார்பெட் காய்ந்து இருக்கிறது, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவிப் படலம் இல்லை, ஆகவே ஹீட்டர் கோர் (வண்டிக்குள் சூடு தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகவில்லை. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் போனால் அது வழியாகத்தான் கூலண்ட் வெளியே வரும். அந்த இடம் சுத்தமாக இருக்கிறது. ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தேன். ஈரம் இருந்தது. ஆனால் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, விரலில் வழவழப்பும் இல்லை. அது ஏசி தண்ணீர். ஏசி போடாமல் ஓட்டிவிட்டு வைத்த ராத்திரி அட்டை காய்ந்தே இருந்தது.

மார்ச் 13

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் அடைந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். லாரிக்காரர்கள் செய்து நானும் பார்த்திருக்கிறேன். ராத்திரி தொப்பூர் கணவாயில் ரேடியேட்டர் ஒழுகி, பக்கத்தில் பட்டறை இல்லை என்றால், அடுத்த ஊர் போய்ச் சேர அது உதவும். வீட்டு வாசலில் நிற்கிற வண்டிக்கு அது மருந்து இல்லை. ஒழுகுகிற இடத்தை மட்டும் தேடிப் போய் அடைக்க அதற்குத் தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் சேர்ந்துபோய்ப் படியும். கடையில் விற்கிற லீக் ஸ்டாப் திரவத்துக்கும் என் பதில் இதுதான். ஹெட் வேலைக்குச் செலவு செய்துவிட்டு அதைப் போட எனக்கு மனம் வராது.

மார்ச் 16

"மூடின சுற்றில் கூலண்ட் ஆவியாகாது" என்று இங்கே ஒருவர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார். பாதி சரி. மூடியே டேங்கின் மேல் இருந்து, டேங்கும் அழுத்தத்தில் இருக்கிற வண்டிகளில் அப்படித்தான். ஆனால் ரேடியேட்டர் மேல் ஒரு மூடி, பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் ரிசர்வ் பாட்டில் என்று இருக்கும் வண்டிகளில் அந்தப் பாட்டில் வெளிக்காற்றுக்குத் திறந்துதான் இருக்கிறது. கோடையில் அதிலிருந்து தண்ணீர் மெதுவாக ஆவியாகும், கூலண்டில் இருக்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் தங்கிவிடும். அந்த அளவுக்குக் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால் போதும். ஆனால் அது மாதக்கணக்கில் தெரிகிற குறைவு. வாரத்துக்குள் மட்டம் கோட்டுக்குக் கீழே போனால் வெயில் மேல் பழி போடக்கூடாது.

மார்ச் 17

மூடியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இவ்வளவு மலிவான பாகத்தை இவ்வளவு அலட்சியமாக நடத்துவது எனக்குப் புரியவில்லை.

மூடியின் வேலை பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் 107 வாக்கில். அதன் மேல் 15 பி.எஸ்.ஐ. (சுமார் 1 பார்) அழுத்தம் கொடுத்தால் கொதிநிலை 129 வரை ஏறுகிறது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று பார் கணக்கில் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும், அளவு பொருந்துகிறது என்று கையில் கிடைத்ததைப் போடக்கூடாது. ஸ்பிரிங் தளர்ந்தாலும் ரப்பர் வெடித்தாலும் அழுத்தம் நிற்காது, கூலண்ட் முன்கூட்டியே கொதித்து ரிசர்வ் பாட்டில் வழியாக வெளியே போகும். போகிற போக்கில் ரோட்டில் கொட்டிவிடும், வீட்டில் அடையாளமே இருக்காது. ஏற்காட்டுக்கு ஏறினால் இன்னும் சீக்கிரம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 95 டிகிரியில் கொதிக்கும்.

ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டாவதாக ஒரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது பாட்டிலிலிருந்து கூலண்டைத் திரும்ப உறிஞ்சவிடுவது அது. அது ஒட்டிக்கொண்டால் வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கும். காலையில் பானட்டைத் திறந்து ஹோஸைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

என் வண்டியில் ஹெட் வேலையோடு சேர்த்துப் புது மூடி போட்டிருக்கிறார்கள். ஹோஸ் சப்பவில்லை. மூடி நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 20

கெமிக்கல் டெஸ்ட் பார்த்தாயிற்று. டேங்க் வாயில் ஒரு குழாயை வைத்து, உள்ளிருந்து வரும் காற்றை நீலத் திரவம் வழியாக இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கலந்திருந்தால் அதிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டுத் திரவம் மஞ்சளாகும். என் வண்டியில் நீலம் நீலமாகவே இருந்தது. மனபாரம் கொஞ்சம் இறங்கியது.

மார்ச் 20, இரவு

மேலே எழுதியதை மறுபடி யோசித்தேன். நீலம் மாறவில்லை என்பதால் ஹெட் பக்கம் குறையே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இன்ஜின் ஓடும்போது சிலிண்டரில் எரியும் அழுத்தம் மிக அதிகம், வாயு கூலண்டுக்குள் தள்ளப்படும். அதைத்தான் இந்தச் சோதனை பிடிக்கும். நிறுத்திய பிறகு கதை தலைகீழ். சிலிண்டரில் அழுத்தம் இல்லை, கூலண்டில் இன்னும் இருக்கிறது. மிக மெல்லிய விரிசல் இருந்தால் கூலண்ட் மெதுவாக உள்ளே இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சிலிண்டர் தடுமாறும், சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வரும். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், கூலண்ட் போகிற சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் கழுவி விட்டதுபோல் கரியில்லாமல் பளிச்சென்று இருக்கும். என் வண்டியில் எல்லாப் பிஸ்டனும் ஒரே மாதிரிக் கரி பிடித்திருந்தன. இப்போதுதான் ஹெட் மேல் எனக்கு இருந்த சந்தேகம் உண்மையாகக் குறைகிறது.

மார்ச் 21

முதல் கேள்வி கேட்ட திண்டுக்கல் தம்பி, தன் வண்டியில் காலையில் வெள்ளைப் புகை வருவதாக இப்போதுதான் எழுதியிருக்கிறார். தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். டீசல் வண்டி என்றால் ஹெட்டுக்கு முன்னால் இ.ஜி.ஆர். கூலரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புகைக்குழாய்க்குப் போகும் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவது இ.ஜி.ஆர். அந்த வாயுவைக் குளிரவைக்க ஒரு கூலர், அதற்குள் ஓடுவது இன்ஜின் கூலண்டேதான். உள்சுவரில் விரிசல் விட்டால் கூலண்ட் நேராக வாயுப் பாதைக்குள் இறங்கி எரிந்துபோகும். தரையில் சொட்டு விழாது, ஆயிலும் கெடாது. ஹெட் கேஸ்கெட் போனதற்கும் இதற்கும் வெளியில் தெரியும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வண்டி ஒருமுறை கடுமையாக ஹீட் ஆகியிருக்கிறது, அந்தச் சூட்டில் கூலரும் அடிபட்டிருக்கலாம். இது சின்ன விஷயமும் இல்லை. 2018 இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. இ.ஜி.ஆர். கூலரில் கசிந்த கூலண்ட் கரியோடு சேர்ந்து படிந்து, சூட்டில் தீப்பிடித்ததுதான் காரணம்.

புகை அதிகமானால் வண்டியை எடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் திரவம் தேங்கிய நிலையில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

மார்ச் 25

என் வண்டியில் கிடைத்துவிட்டது.

வேறொரு பட்டறையில் பிரஷர் டெஸ்டர் இருக்கிறது என்று விசாரித்துப் போனேன். மூடிக்குப் பதிலாக மாட்டும் ஒரு கைப்பம்பு, மேலே மீட்டர், அவ்வளவுதான் அந்தக் கருவி. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை அடித்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். முதல் கால் மணி நேரத்தில் முள் அசையவே இல்லை. அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் அவசரப்படவில்லை. ராத்திரி முழுக்க விட்டுவைக்கலாம் என்றார். காலையில் முள் நன்றாக இறங்கியிருந்தது.

டார்ச்சும் கைக்கண்ணாடியும் வைத்துத் தேடினோம். பிளாக்கின் பின்பக்கம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில், வாட்டர் பம்புக்குப் போகும் ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. அது பம்புக்குள் செருகும் இடத்தில் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் ஒன்று. அங்கே ஈரம், குழாயைச் சுற்றி வெளிறிய ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்தமாதிரி படிவு. கசிந்த கூலண்ட் கீழே இருக்கும் எக்ஸாஸ்ட் ஹீட் ஷீல்டில் விழுந்து, ஓட்டும்போது அங்கேயே காய்ந்துவிடுகிறது. நிறுத்திய பிறகு கசிவது அடிமூடித் தட்டில் தேங்கிக்கொள்கிறது. அட்டைக்கு ஒரு சொட்டும் வந்து சேராததற்குக் காரணம் அதுதான்.

ஆறிய நிலையில்தான் கசிவு அதிகம் என்று அண்ணன் சொன்னார். சூட்டில் உலோகமும் ரப்பரும் விரிந்து இடைவெளியை இறுக்கிவிடுமாம். சூடான வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் எத்தனை முறை பார்த்தாலும் தெரிந்திருக்காது.

ஓ ரிங்கின் விலை ஒரு டீ செலவு. அதை எட்டுவதற்கு மற்றதைக் கழற்றத்தான் நேரம் பிடித்தது. புது ரிங்கைச் செருகும்போது கிரீஸ் தடவ அவர் விடவில்லை. கூலண்டையே தடவினார். இந்த மாதிரி இடத்தில் வரும் ரப்பர் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். வகை, பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் உப்பிக் கெட்டுவிடும். வேலை தெரிந்தவர் கையில் வண்டி இருப்பது எவ்வளவு நிம்மதி.

மார்ச் 26

ஏன் ஹெட் வேலைக்குப் பிறகு மட்டும் ஒழுக ஆரம்பித்தது என்பதுதான் நேற்றிலிருந்து மனசில் ஓடுகிறது. இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப் ஹெட் பக்கம் போல்ட் ஆகியிருக்கிறது. ஹெட்டைத் தூக்க அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியபோது குழாய் கொஞ்சம் ஆடியிருக்கும், பல வருடச் சூட்டில் கல்லாகிப்போன பழைய ரிங் ஆடிய பிறகு பழையபடி உட்காராது. இது ஒன்று.

இன்னொன்று அந்தப் புது மூடி. பழைய மூடி எப்போதோ அழுத்தம் பிடிப்பதை விட்டிருக்க வேண்டும். அதன் பிறகு சுற்றில் முழு அழுத்தம் ஏறியதே இல்லை, ஓ ரிங்கும் பிழைத்துக் கிடந்தது. புது மூடி வந்ததும் பத்து வருடப் பழைய மூட்டுகள் எல்லாம் நீண்ட நாளுக்குப் பிறகு முழு அழுத்தத்தைத் தாங்க வேண்டியதாகிவிட்டது. எது பலவீனமோ அது விட்டுக்கொடுத்தது. ஆகவே ஹெட் வேலை பார்த்தவரை இதில் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். கேஸ்கெட் வேலை நன்றாகவே நிற்கிறது. ஆனால் அந்த ரிங்கை அன்றே மாற்றியிருக்கலாம், வண்டியைக் கையில் கொடுக்கும் முன் ஒரு பிரஷர் டெஸ்ட் பார்த்திருக்கலாம். ஹெட் இறக்குகிற பட்டறை எதுவாக இருந்தாலும் அந்தக் கருவி ஒன்று இருந்தே ஆக வேண்டும். இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாத இடத்தில்தான் "மறுபடி இறக்கிப் பார்க்கலாம்" என்ற பேச்சு வருகிறது.

மார்ச் 29

பழைய ஹெட் போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லையா என்று ஒரு கேள்வி. வண்டியைப் பொறுத்தது. குறிப்பிட்ட இறுக்கம் (டார்க்) கொடுத்த பிறகு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி என்று கோணக் கணக்கில் முறுக்கச் சொல்லியிருந்தால் அந்தப் போல்ட் பெரும்பாலும் இழுபட்டு நீளும் வகை, ஒருமுறைக்குத்தான். அலுமினிய ஹெட் சூட்டில் இரும்பு பிளாக்கைப்போல் இரண்டு மடங்கு விரியும். அத்தனை அசைவையும் மீறி கேஸ்கெட்டை இறுக்கிப் பிடிப்பது அந்த நீட்சிதான். ஏற்கெனவே நீண்ட போல்ட் அந்தப் பிடியைத் தராது. சில இன்ஜின்களில் போல்ட் துளை கூலண்ட் ஓடும் பாதைக்குள்ளேயே திறந்திருக்கும். மரையில் சீலண்ட் தடவாமல் போட்டால் மரை வழியாகவே கூலண்ட் ஏறி வரும். சர்வீஸ் மானுவலில் அந்தப் பக்கத்தை மட்டுமாவது பார்த்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

ஏப்ரல் 4

ஏற்காடு ஏறி இறங்கிவிட்டேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஏசி போட்டு, இரண்டாவது கியரில். மறுநாள் காலையில் மட்டம் மார்க்கர் கோட்டிலேயே நின்றது.

திண்டுக்கல் தம்பியிடமிருந்தும் செய்தி. பட்டறையில் இ.ஜி.ஆர். வால்வை மூடி வைத்து, கூலருக்குப் போகும் இரண்டு கூலண்ட் ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துச் சோதனைக்காக மட்டும் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். புகை நின்றுவிட்டது, மட்டமும் இறங்கவில்லை. கூலரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காற்று அடித்ததும் குமிழி வந்திருக்கிறது. புதுக் கூலர் சொல்லியாயிற்றாம். ஹெட்டை யாரும் தொடவில்லை. எனக்கு என் வண்டி சரியானதைவிட இது சந்தோஷம்.

ஏப்ரல் 5

என்ன நிறக் கூலண்ட் போடுவது என்று கேட்டவருக்கு: நிறத்தை நம்பாதீர்கள். பச்சை என்றால் இந்த வகை, சிவப்பு என்றால் அந்த வகை என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி கிடையாது. கேனின் பின்பக்கம் எழுதியிருக்கும் வகையை வண்டி மானுவலோடு ஒப்பிட்டு வாங்குங்கள். வகை மாறிக் கலந்தால் அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் கெட்டுப்போகும், சில கலவைகள் களியாகவும் மாறும். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றவே கூடாது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். அவசரத்துக்கு ஊற்றியிருந்தால் ஊருக்கு வந்ததும் முழுக்க வடித்து மாற்றிவிடுங்கள்.

ஏப்ரல் 9

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எழுதியே ஆக வேண்டும். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்துவிடும். ஒரு பூனைக்குச் சில தேக்கரண்டி போதும், சிறுநீரகம் போய் இறந்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. திறந்த பேசினில் வடித்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ பிடித்து வைக்கவே வேண்டாம். கூலண்ட் வந்த கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, மேலே "விஷம்" என்று பெரிதாக எழுதி, அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது அங்கேயே கொடுத்துவிடுங்கள்.